ஏரோது வண்டியில் எம்மோட்

எங்கள் ஊரில் நற்கருணைத் திருநாளன்று சூரியன் மேலே வருவதற்குள் உலகம் படைக்கப்பட்டுவிடும். விளக்கு வைப்பதற்குள் தீர்ப்பு நாளும் வந்துவிடும். ஒவ்வொரு தொழில் சங்கத்துக்கும் ஒரு நாடக வண்டி, வேதாகமத்திலிருந்து ஒரு கதை. ஒரு வண்டி ஓரிடத்தில் ஆடி முடித்து நகர்ந்தால் அடுத்த வண்டி வந்து நிற்கும். இப்படி ஊர் முழுக்கப் பல நிறுத்தங்கள். சேணம் தைக்கும் எங்களுக்கு வாய்த்தது ஏரோது மன்னனின் கதை. மன்னன் வெறிபிடித்துக் கத்துவான், அவன் வீரர்கள் பெத்லகேமின் ஆண் குழந்தைகளை வெட்டுவார்கள். என் பெயர் தர்ஸ்டன். அந்த வீரர்களில் நான் ஒருவன்.

எங்கள் வண்டியில் பெயர் வாங்கியது நானும் இல்லை, ஏரோதும் இல்லை. தாய் வேடம் போடும் நிக்கோல் பிக்காட்தான். பீப்பாய் போல உடம்பு. தாடியை மழித்து முக்காடு போட்டுக்கொண்டு, நூல் நூற்கும் கோலை எடுத்து எங்களை விரட்டி விரட்டி அடிப்பான்.

"படுபாவிப் பயலே, பானையால் அடிப்பேன்! பல்லைப் பெயர்ப்பேன், பத்திரம் போடா!" என்று அவன் பாடும்போது ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளை வெட்டுப்பட்டது அவர்கள் கண்ணிலேயே படாது.

நான் சொல்லவந்த வருடத்தில் எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். எம்மோட் ஹார்க்கர். கணவன் செத்தபின் சால்ட்டர்கேட் தெருக் கடையை மூடாமல் தானே நடத்தினாள். கணவன் தைத்ததைவிட அவள் தைத்தது நன்றாக இருக்கிறது என்று அவன் உயிரோடிருக்கும்போதே எல்லோரும் பேசிக்கொள்வோம். அவளுக்கு ஒரு மகள், சிசொட். நாலு வயது.

முந்தைய இலையுதிர் காலத்தில் சிசொட் கடைவாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது மேயர் கோல்தோர்ப்பின் மகன் பியர்ஸ் குடிபோதையில் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தான். நண்பனோடு பந்தயம். முனையில் திரும்பும்போது அகலமாகத் திருப்பி வாசல் மேலேயே ஏற்றிவிட்டான். நின்றுகூடப் பார்க்கவில்லை.

பிண விசாரணைக்குப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தார்கள். குதிரை தானாக மிரண்டது, மனிதர் எவர் மேலும் குற்றமில்லை என்று அவர்கள் சத்தியம் பண்ணினார்கள். உயிரைப் பறித்தது எதுவோ அது அரசருக்குப் போகும் என்பது சட்டம். ஆகவே குதிரையைக் குற்றவாளியாக்கிக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் பியர்ஸ் அதே குதிரை மேல் உட்கார்ந்து அதே தெருவில் போனான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் நிக்கோல் பிக்காட்டும் ஒருவன்.

ஈஸ்டர் கழிந்ததும் ஒத்திகை ஆரம்பித்தது. வண்டி நிற்கும் கொட்டகைக்கு எம்மோட் துணிப் பொம்மைகளைக் கொண்டுவந்தாள். வெட்டுப்படும் குழந்தைகளை வருடாவருடம் அவள்தான் தைத்துத் தருவாள். அந்த வருடம் அவளிடம் கேட்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே செய்துகொண்டு வந்துவிட்டாள். நிக்கோல் அப்போது என்னைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தான். நான் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு தத்தளிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"என்ன அண்ணே, பிள்ளையைப் பறிகொடுத்தவ இப்படியா குதிப்பா?" என்றாள்.

நிக்கோலுக்கு மூச்சு வாங்கியது. "ஜனம் சிரிக்கணும்ல, தாயி. சிரிக்கலைன்னா அடுத்த வண்டியைப் பார்க்கப் போயிடுவாங்க."

"அந்த முக்காட்டை எங்கிட்ட குடுங்க. இந்த வருஷம் நான் ஏறுறேன்."

கொட்டகையில் இருந்த ஒருவன் மறுபடி சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டான். எங்கள் சங்கத் தலைவன் கில்பர்ட் தார்ன் ஏரோதின் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். பியர்ஸின் சேணம் அறுந்தபோது எங்களில் எவரும் தொடமாட்டோம் என்றோம். அவன்தான் தைத்துக்கொடுத்தான்.

"பொம்பளை வண்டியில ஏறுற வழக்கம் இல்லம்மா," என்றான்.

"அந்த வண்டிச் சக்கரத்துல பாதி என் புருஷன் காசுல போட்டது. திரையெல்லாம் என் கை தச்சது. எல்லாத்துலயும் நான் இருக்கலாம், மேல மட்டும் ஏறக்கூடாதா?"

"நான் சொல்லல, நகர மன்றம் சொல்லுது. எம்மோட், உன் மனசு எனக்குப் புரியுது..."

"புரியுதுன்னா வாயை மூடிக்கிட்டு முக்காட்டைக் குடுக்கச் சொல்லு."

கில்பர்ட் தலையாட்டி மறுத்தான். அவள் போய்விட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

திருநாள் காலை, கிழக்கு வெளுக்கும் நேரம். வண்டிகள் வரிசையில் நின்றன. ஓட்ஸ் அப்பத்தைக் கடித்துக்கொண்டு, ஏல் என்ற பார்லி மதுவைக் குடித்துக்கொண்டு எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். நிக்கோலைக் காணவில்லை. தேடிப் போனால் மடத்துச் சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றேன்.

"வயிறு சரியில்லடா. என்னால ஆட முடியாது."

"இப்ப வந்து சொல்றியே! வண்டி நகரப் போகுது."

"வேற ஆள் ஏறியாச்சு. நீ போ, தர்ஸ்டன். அவளைக் கேள்வி கேட்காதே."

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, திரைக்குப் பின்னால் முக்காடு போட்ட உருவம் பொம்மையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது. நிக்கோலின் அங்கி அவள் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. கில்பர்ட் ஏற்கெனவே மேலே சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு என் இடத்தில் போய் நின்றேன்.

முதல் நிறுத்தம் மடத்து வாசல். அங்கேதான் நகர மன்றத்தின் எழுத்தர் எலியாஸ், மன்றத்துப் பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த வண்டியில் எந்தச் சொல் பேச வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நாங்கள் பேசப் பேச அவர் விரல் வரிமேல் நகரும். ஒரு வரி விட்டால் முகம் சுளிப்பார். ஒரு வரி கூட்டினால் சங்கத்துக்குத் தண்டனை.

கில்பர்ட் கத்தி முடித்தான். நான் எம்மோட்டின் முன்னால் போய் என் வரியைச் சொன்னேன்:

"கொடு குழந்தையை, கூச்சல் போடாதே! கோமான் கட்டளை, குறுக்கே நில்லாதே!"

நிக்கோல் என்றால் இந்த இடத்தில் கோல் சுழலும். ஜனங்கள் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். எம்மோட் எழுந்து முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். வண்டியில் பெண் நிற்பதைக் கண்டு ஒரு சலசலப்பு. அவள் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தாள்.

"இதுக்கு நாலு வயசு," என்றாள். "காலையில கஞ்சி வேணாம்னு அடம் பிடிச்சுது. ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுத்தேன். வாசல்ல உக்காந்து தின்னுட்டிருந்துச்சு. நடுத்தெருவுல இல்ல, நல்லாக் கேட்டுக்கோங்க, வாசல்ல. அவன் சிரிச்சுக்கிட்டே வந்தான். போகும்போதும் சிரிச்சுக்கிட்டேதான் போனான். ஏரோது ராஜா ஆம்பளைப் பிள்ளைங்களை மட்டும்தான் வெட்டச் சொன்னாராம். என்னுது பொண்ணு. எங்க ஊர் ராஜகுமாரன் அதுகூடப் பார்க்கல. அப்புறம் பெரிய மனுஷங்க பன்னிரண்டு பேர் கூடி உக்காந்தாங்க. யார் மேலயும் குத்தம் இல்லைன்னு வேதத்து மேல கை வெச்சாங்க. அந்தக் கையால வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாங்க. ரொட்டி இறங்குச்சாங்க உங்களுக்கு? எனக்கு இன்னும் இறங்கல."

எலியாஸின் விரல் தாளில் அலைந்தது. முன்னும் பின்னும் புரட்டினார். "இது இல்லையே! இது புத்தகத்தில் இல்லையே!" என்று எழுந்து நின்று கத்தினார். கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரி, "உக்காருய்யா, மறைக்குது!" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் பொம்மையைப் பறிக்க வேண்டும், மர வாளால் குத்த வேண்டும். எம்மோட் அதை நீட்டினாள். நான் வாங்கினேன். வாள் பக்கம் கையே போகவில்லை. பொம்மையை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் அடுத்த வண்டிக்காரர்கள் நகரச் சொல்லி இரைந்தார்கள்.

வண்டி தெருவில் உருளத் தொடங்கியதும் கில்பர்ட் சிம்மாசனத்திலிருந்து குதித்து வந்தான். கிரீடம் ஒரு காதின் மேல் சரிந்திருந்தது.

"இறங்கு! இப்பவே இறங்கு! சங்கத்தையே இழுத்து மூடிடுவாங்க, தெரியுமா உனக்கு?"

"இறக்கிப் பாரு."

"டேய் தர்ஸ்டன், பிடிச்சு இறக்குடா அவளை!"

"நான் ஏரோதோட ஆள், அண்ணே," என்றேன். "வண்டி நிக்கும்போது மட்டும்தான் உன் பேச்சைக் கேப்பேன்."

அது ஒன்றும் பெரிய வீரம் இல்லை, வாயில் வந்தது. ஆனால் வண்டி இழுக்கும் ஆட்கள் சிரித்துவிட்டார்கள், அதன்பின் கில்பர்ட்டால் யாரையும் ஏவ முடியவில்லை. அதற்குள் ஜனங்கள் எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்திருந்தார்கள். வழக்கமாக ஒரே இடத்தில் நின்று எல்லா வண்டியையும் பார்ப்பவர்கள், அன்று எங்கள் வண்டியோடு நடந்தார்கள். அவர்களில் சிலர் கயிற்றைப் பிடித்து இழுக்கவும் செய்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எம்மோட் அதே சொற்களைச் சொன்னாள். ஓரிடத்தில்கூட அழவில்லை. சால்ட்டர்கேட்டைத் தாண்டும்போது மட்டும் தன் கடை வாசலைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோல்தோர்ப் வீட்டின் முன்னால் ஒரு நிறுத்தம். மேயர் வீட்டார் பரண் கட்டி, மெத்தை போட்டு, ஒயினும் இனிப்பு ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தடியோடு இரண்டு காவலர்கள் வாசலில் நின்றார்கள். வண்டியைச் சுற்றி இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவர்கள் தடியைக் கீழே ஊன்றிக்கொண்டார்கள். மேயர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். நாடகத்தில் ஒரு சொல்லுக்கு அசைந்தால் ஊர் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மகனுக்குத் தெரியவில்லை. எம்மோட் பேசி முடிக்கும்வரை பியர்ஸ் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தான். "சிரிச்சுக்கிட்டேதான் போனான்" என்று அவள் சொன்னபோது அவன் முகம் சிவந்தது. கடைசியில் எழுந்து நின்று கத்தினான்:

"குதிரை மிரண்டுச்சு! விசாரணையிலேயே சொல்லியாச்சு, குதிரைதான் மிரண்டுச்சுன்னு!"

எம்மோட் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் குதிரை, தம்பி?" என்றாள். "நான் பெத்லகேம் கதையில்ல சொல்லிட்டிருக்கேன்."

அப்போது எழுந்த சத்தத்தை நான் அதற்குமுன் எந்தத் திருநாளிலும் கேட்டதில்லை. சிரிப்பா, கோபமா என்று பிரிக்க முடியாது. மேயர் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். யாரோ கொடுத்த முதல் குரலுக்கு மொத்தத் தெருவும், "ஏரோது! ஏரோது!" என்று அவனைப் பார்த்துக் கூவியது.

கடைசி நிறுத்தம் முடிந்து எம்மோட் இறங்கியவுடன் பிடித்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சிறையில் அடைத்தார்கள்.

மன்றத்தில் அவளை நிறுத்திய அன்று சங்கத்தார் என்ற முறையில் நாங்களும் போயிருந்தோம். கோல்தோர்ப் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மன்றத்தின் மேல் அவதூறு பேசினாய்," என்று உறுப்பினர் ஒருவர் படித்தார்.

"யார் பேரைச் சொன்னேங்க? ஒரு பேர் சொல்லுங்க."

அவர் மேயரைப் பார்த்தார். மேயர் மேசையைப் பார்த்தார்.

"பேர் சொல்லல, குதிரைன்னுகூடச் சொல்லல. நாடகம் பார்த்துட்டு எழுந்து நின்னு குத்தத்தை ஒத்துக்கிட்டது உங்க வீட்டுப் பிள்ளை. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"பெண் வண்டியில் ஏறுவது வழக்கமா?" என்றார் கோல்தோர்ப்.

"ஏறக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

எலியாஸ் அங்கேயும் புத்தகத்தோடு இருந்தார். எல்லோரும் அவரைப் பார்க்க, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எழுதி... ஒன்றும் இல்லை, ஐயா," என்றார். பின்வரிசையில் ஒரு கிழட்டு உறுப்பினர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில், புத்தகத்தில் இல்லாததைப் பேசியது குற்றம் என்று முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு மெழுகுத்திரி ஏந்தித் தேவாலயத்துக்கு வந்து, பொய் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் மண்டியிட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தை விட்டு, ஊரை விட்டுப் போக வேண்டும்.

ஞாயிறன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் கோல்தோர்ப் குடும்பம். பியர்ஸ் மட்டும் வரவில்லை. எம்மோட் வெறுங்காலோடு வந்தாள், திரி எரிந்துகொண்டிருந்தது. நேராகப் போக வேண்டியவள் பக்கத்தில் திரும்பி, புனித அன்னம்மாளின் பீடத்தில் திரியை நட்டாள்.

"இது சிசொட்டுக்கு," என்றாள். பிறகு ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள். "பொய் சொன்னவங்க மண்டி போடணும்னு தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. நான் பொய் சொல்லல, அதனால எனக்கு அந்த இடம் வேணாம். சொன்னவங்க இருந்தா வாங்க, இடம் காலியாத்தான் இருக்கு."

பாதிரியார் கையைத் தூக்கினார், பிறகு இறக்கினார். மேயர் எழுந்தார். அப்போது கூட்டத்தின் நடுவில் வழி விடச் சொல்லி ஒரு குரல். நிக்கோல் பிக்காட் அந்தப் பெரிய உடம்பைத் தள்ளிக்கொண்டு வந்தான். எம்மோட் காட்டிய இடத்தில் தொப்பென்று மண்டியிட்டான்.

"நான் சொன்னேன் பொய்," என்றான். "பன்னிரண்டு பேர்ல நான் ஒருத்தன். குதிரை மிரளல. பந்தயம் விட்டாங்க. பார்த்த ஆளுங்க எங்ககிட்ட வந்து சொன்னாங்க. கோல்தோர்ப் வீட்டுக்குப் பயந்து நாங்க எழுதிக்கல."

"எழுந்திரு! பைத்தியக்காரன்!" என்றார் மேயர்.

"எழுந்திருக்க மாட்டேங்க. இவ்வளவு நாளா நின்னுக்கிட்டே இருந்தது போதும்."

அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவன் ரொட்டிக்காரன், மற்றவன் கயிறு திரிப்பவன். மீதி ஒன்பது பேர் வரவில்லை. அவர்களில் சிலர் என் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்கள். எம்மோட் நிக்கோலைத் தூக்கிவிடவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவனைத் தாண்டி நடந்து வெளியே போனாள்.

அதனால் விசாரணைத் தீர்ப்பு ஒன்றும் மாறவில்லை. பிண விசாரணைச் சுருளில் இன்றைக்கும் குதிரைதான் குற்றவாளி. ஆனால் பியர்ஸ் தெருவில் தலைகாட்டினால் பெண்கள் உரக்கக் கூவிப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அறுவடைக்கு முன்பே அவனைக் கடல் கடந்து கலே துறைமுகத்துக்கு, கம்பளி வியாபாரம் பார்க்க அனுப்பிவிட்டார்கள். எம்மோட்டை ஊரை விட்டுத் துரத்த மன்றம் துணியவில்லை. சங்கத்திலிருந்தாவது நீக்கச் சொல்லி மேயர் ஆள் அனுப்பியபோது கில்பர்ட் அந்த ஆளைத் தன் கடைவாசலிலேயே நிறுத்திப் பேசினான்.

"சங்கத்துல யார் இருக்கணும்கிறதைச் சங்கம் பார்த்துக்கும்," என்றான். "அப்புறம், உங்க ஐயாவுக்கு இனிமே சேணம் அறுந்தா எங்கிட்ட வரவேணாம்னு சொல்லு."

அடுத்த பிப்ரவரியில் மன்றம் வேறு மேயரைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் ஒரு மதியம் எலியாஸ் சால்ட்டர்கேட்டுக்கு வந்தார். நான் அப்போது எம்மோட்டிடம் ஊசி இரவல் வாங்க வந்திருந்தேன். அவர் மை, இறகு எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

"அம்மா, அந்தப் பேச்சை மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன். நான் நாற்பது வருடமாக அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், அப்படி ஒரு பகுதி அதில் இல்லை. உங்கள் வண்டித் தாய்க்குப் புத்தகத்தில் 'முதல் தாய்' என்றுதான் பெயர், அவள் பேசுவதாகச் சேர்த்துவிடலாம். கொஞ்சம் செய்யுள் நடையில் மாற்றி..."

எம்மோட் வெட்டிக்கொண்டிருந்த தோலிலிருந்து கத்தியை எடுக்காமலே பதில் சொன்னாள். "மாத்துவீங்க. அப்புறம் இன்னொரு மேயர் வந்து ஒரு வரியை அடிப்பார். அதுக்கப்புறம் ஒருத்தன் அதைச் சிரிப்பா ஆடுவான். வேணாங்கய்யா. உங்க முதல் தாய் உங்க புத்தகத்துலயே இருக்கட்டும். பேசினது சிசொட்டோட அம்மா."

"எழுதாவிட்டால் மறந்துபோய்விடுமே."

"யாருக்கு?" என்றாள். அவர் மையையும் இறகையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த வருடத் திருநாளுக்கு முன் மன்றம் முரசறைந்து சொன்னது: புத்தகத்துக்கு வெளியே ஒரு சொல் கூடாது, பெண்கள் வண்டியில் ஏறவே கூடாது. ஆகவே நிக்கோல் மறுபடி தாயானான். புத்தகத்தில் இருந்த வரிகளையே சொன்னான், ஒன்றும் கூட்டவில்லை. ஆனால் கோலை எடுக்கவில்லை. பானை, பல் என்ற அந்த வேடிக்கை வரிகளை மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஓரிடத்திலும் ஒருவரும் சிரிக்கவில்லை. எம்மோட் கூட்டத்தோடு நடந்து வந்தாள்.

கோல்தோர்ப் வீட்டுக்காரர்கள் அந்த வருடம் தங்கள் வாசலில் நாடகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பரண் இல்லை, மெத்தை இல்லை, ஜன்னல் பலகைகள் எல்லாம் மூடியிருந்தன. எங்களுக்கு முன்னால் போன வண்டிகள் அங்கே நிற்காமல் போய்விட்டன. நாங்களும் போயிருக்க வேண்டும். கில்பர்ட் சிம்மாசனத்தில் எழுந்து நின்று, "நிறுத்துங்கடா வண்டியை!" என்றான்.

மூடிய ஜன்னல்களுக்கு முன்னால், அன்று வேறெங்கும் ஆடாத அளவு உரத்த குரலில் ஆடினோம்.